தூர்ந்துபோகும் துறைமுகம்: ஓய்வூதியமும் அரசின் சொல்லும்

திருச்செந்தூர் முருகன் கோயிலில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலின் ஆண்டுச் செலவுக்காக மன்னன் 1,400 பொற்காசுகளை ஒதுக்கினான். அந்தப் பொன்னைக் கருவூலத்தில் பூட்டி வைக்காமல், சுற்றுவட்டாரத்து ஊர்கள் பலவற்றிடம் பிரித்து ஒப்படைத்தான். முதல் குறையக் கூடாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் பொலிசையாக, அதாவது வட்டியாக, வந்துகொண்டே இருக்க வேண்டும். பொன்னை ஏற்றுக்கொண்ட ஊர்களில் கொற்கையும் ஒன்று. வருங்காலத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்தால் அதற்கான முதலை அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும், அதைக் காப்பவர் யார், ஆண்டுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை எல்லோரும் பார்க்கக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்ற அறிவு இந்தத் தாமிரபரணி ஆற்றங்கரைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழக்கமானது. அதே கொற்கை இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. முத்துக்குப் பேர்போன அந்தப் பாண்டியத் துறைமுகம் இன்று கடலை விட்டு சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலுக்கும் வாழைக்கும் நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. எந்தப் பகைவனும் அதை ஒரே நாளில் அழிக்கவில்லை. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடல் விலகியது. கப்பல்கள் காயலுக்குப் போயின. பிறகு தூத்துக்குடிக்குப் போயின. துறைமுகம் மூடப்பட்டது என்று யாரும் பறையறைந்து அறிவித்திருக்க வாய்ப்பில்லை. அது தூர்ந்துபோனது.

அரசு தரும் ஓய்வூதியங்கள் நெடுங்காலத்துக்குத் தாக்குப்பிடிக்குமா என்ற கேள்வியை நாம் இதுவரை திவால் என்ற சொல்லை வைத்தே பேசிவருகிறோம். ஒரு நாள் கஜானா காலியாகிவிடும், அன்றைக்குப் பென்ஷன் நின்றுவிடும் என்று ஒரு தரப்பு அச்சுறுத்துகிறது. அரசாங்கம் எங்காவது திவாலாகுமா, மனம் இருந்தால் பணம் தானாக வரும் என்று மறு தரப்பு பதில் சொல்கிறது. இரண்டு தரப்பும் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. இந்தியாவில் ஓய்வூதிய வாக்குறுதி பெரும்பாலும் திவாலாகி உடைவதில்லை, தூர்ந்துபோகிறது. தொகையை உயர்த்தாமல் விட்டு விலைவாசியை அதன்மேல் படிய விடுவது ஒரு வழி. அகவிலைப்படியை நிறுத்தி வைப்பது இன்னொரு வழி. ஓய்வூதியம் உள்ள பணியிடத்தை நிரப்பாமல், அது இல்லாத பணியிடத்தில் ஆளை அமர்த்துவது மூன்றாவது வழி. எந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலும் இவற்றுக்குத் தோல்வி என்று பெயர் இராது. ஆகவே ஓய்வூதியத்தின் நிலைத்தன்மையை அளக்க, பணம் என்றைக்குத் தீரும் என்ற கேள்வி போதாது. கொடுத்த வாக்கின் முழு விலையும் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறதா, எழுதாமல் விட்ட பகுதி யார் தலையில் இறங்குகிறது என்று கேட்க வேண்டும்.

முதலில் தொகையின் பரிமாணம். தமிழ்நாடு அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் ஓய்வூதியத்துக்கும் ஓய்வுக்காலப் பலன்களுக்கும் ஒதுக்கப்பட்டது சுமார் 41,000 கோடி ரூபாய். எதிர்பார்க்கப்பட்ட வருவாய் வரவு 3.31 லட்சம் கோடி. எட்டு ரூபாய் வந்தால் ஒரு ரூபாய் ஓய்வூதியத்துக்குப் போகிறது. சம்பளத்துக்கு 90,000 கோடி, வட்டிக்கு 70,000 கோடி என்று சேர்த்தால், வருகிற பத்து ரூபாயில் ஆறு ரூபாய் எந்தப் புதிய திட்டத்தையும் தொடங்குவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை மாநிலத்தின் கடனை 5.70 லட்சம் கோடி என்றும், குடும்பத்துக்கு 2.63 லட்சம் என்றும் கணக்கிட்டது. இந்த எண்களைப் பார்த்து அரசு ஊழியரின் பென்ஷனே மாநிலத்தை விழுங்குகிறது என்று சொல்வோர் உண்டு. அது மிகை. ஆனால் இந்த 41,000 கோடி என்பது நேற்றைய வாக்குறுதிகளுக்கு இன்று கட்டுகிற தொகை. இன்று கொடுக்கிற வாக்குறுதிகளுக்கு நாளைக்கு எவ்வளவு என்பது அதில் இல்லை.

வாக்குறுதியின் வரலாற்றைப் பார்த்தால் இன்றைய சிக்கல் எங்கே முடிச்சிட்டது என்பது தெரியும். ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அல்ல, ஊழியர் உழைத்து ஈட்டிய உரிமை என்று 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். பழைய திட்டத்தில் கடைசிச் சம்பளத்தில் பாதி, விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி, இறந்த பின் குடும்ப ஓய்வூதியம் எல்லாம் உண்டு. ஊழியர் தம் பங்காக எதையும் கட்ட வேண்டியதில்லை. அதற்கென்று தனி நிதியும் கிடையாது. வரும் வரியிலிருந்து அவ்வப்போது கொடுப்பதே முறை. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு அந்தக் கதவை மூடி, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைக் (சி.பி.எஸ்.) கொண்டுவந்தது. ஊழியர் 10 சதவீதம், அரசு 10 சதவீதம். ஒன்பது மாதம் கழித்து, 2004 ஜனவரி முதல், மத்திய அரசும் தன் புதிய ஊழியர்களைத் தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்கு மாற்றியது. ஓய்வூதியப் பலன்கள் உட்பட பலவற்றில் கைவைத்ததை எதிர்த்து 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த வேலைநிறுத்தமும், ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்த மாற்றத்துக்குப் பின் வந்த காயங்கள். அந்தக் காயம் ஆறாததற்கு ஒரு காரணம் உண்டு. மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்த பணத்தின் ஒரு பகுதியை மாத ஓய்வூதியமாக மாற்ற வழி இருந்தது. தமிழ்நாடு அந்த அமைப்பிலும் இணையவில்லை. தனக்கென்று மாத ஓய்வூதிய விதிகளையும் வகுக்கவில்லை. சி.பி.எஸ். ஊழியர் ஓய்வு பெற்றால் சேர்ந்த தொகையை வட்டியோடு மொத்தமாக வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஓய்வூதியம் என்று பெயர் வைத்து, மாதம் ஒரு ரூபாய் கூட உறுதியளிக்காத திட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

இரண்டு திட்டங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு என்பதை ஒரு சிறிய கணக்கே காட்டிவிடும். ஒருவர் 30 வயதில் சேர்ந்து 60-இல் ஓய்வு பெற்று 80 வரை வாழ்கிறார் என்று கொள்வோம். போட்ட பணம் வளரும் வேகம், சம்பளம் உயரும் வேகம், ஓய்வூதியம் உயரும் வேகம் மூன்றும் ஒன்றே என்றும் வைத்துக்கொள்வோம். ஊழியரும் அரசும் சேர்ந்து சம்பளத்தில் 20 சதவீதத்தை 30 ஆண்டுகள் போட்டால், கடைசிச் சம்பளத்தின் மதிப்பில் ஆறு ஆண்டுச் சம்பளம் சேரும். பாதிச் சம்பளத்தை 20 ஆண்டுகள் கொடுக்க வேண்டுமானால் தேவைப்படுவது பத்து ஆண்டுச் சம்பளம். நான்கு ஆண்டுச் சம்பளம் குறைகிறது. துணைவருக்குக் குடும்ப ஓய்வூதியம் சேர்ந்தால் குறை இன்னும் விரியும். வட்டி கூடினால் சுருங்கும். மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்து 2025 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் ஊழியர் 10 சதவீதமும் அரசு 18.5 சதவீதமும் போடுகின்றன. இதே கணக்கில் அது எட்டரை ஆண்டுச் சம்பளம். பாதிச் சம்பளம் என்ற உறுதியை விரும்பினால் அதன் உண்மையான விலை சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பழைய திட்டம் அந்த விலையை மறைத்தது. சி.பி.எஸ். விலையைக் குறைத்துவிட்டு உறுதியையும் கைவிட்டது. இந்த இரண்டில் எதுவும் நேர்மையான கணக்கு அல்ல.

மறைந்த விலை எப்போது வெளியே வரும் என்பதில்தான் அரசியலின் ஆபத்து இருக்கிறது. 2022-லும் அதை அடுத்தும் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாசலப் பிரதேசம் ஆகியவை பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தன. எல்லா மாநிலங்களும் அப்படித் திரும்பினால் மொத்தச் சுமை தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப் போல 4.5 மடங்கு வரை ஆகலாம் என்றும், 2060-இல் ஆண்டுக்கு நாட்டு மொத்த உற்பத்தியில் 0.9 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும் என்றும் ரிசர்வ் வங்கியின் 2023 செப்டம்பர் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்த எண்ணை விட முக்கியமானது காலக்கோடு. பழைய திட்டத்துக்குத் திரும்பும் அரசு அன்றைக்கு ஒரு காசும் இழப்பதில்லை. ஊழியருக்காக மாதந்தோறும் போட்டுவந்த பங்கை நிறுத்திக்கொள்வதால் அதற்கு மிச்சம்தான். 2003-இல் 25 வயதில் சேர்ந்தவர் 60-ஐ எட்டுவது 2038-இல். அன்றைக்கு அறிவித்தவர் யாரும் பதவியில் இருக்க மாட்டார். ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் தமிழ்நாடு உயர்த்தியதும் ஒரு வகையில் இதே கணக்குதான். அந்த இரண்டு ஆண்டுகளில் கொடுக்க வேண்டியதை அடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளியது. 2038-இன் தமிழ்நாடு எப்படி இருக்கும் என்பதும் தெரியாத செய்தி அல்ல. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்ற அளவுக்கு இங்கே பிறப்பு விகிதம் இறங்கிவிட்டது. 2011-இல் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். 2036-இல் ஐந்தில் ஒருவர் அப்படி இருப்பார் என்பது மக்கள்தொகைக் கணிப்பு. கொடுப்பவர் குறைந்து வாங்குபவர் கூடும் காலத்துக்குச் சரியாக அந்தச் செலவைத் தள்ளி வைக்கிறோம்.

தமிழ்நாட்டில் இந்த இழுபறி நீண்ட காலம் நடந்தது. பழைய ஓய்வூதியக் கோரிக்கையை ஆராய சாந்தா ஷீலா நாயர் தலைமையிலும், பிறகு ஸ்ரீதர் தலைமையிலும் குழு அமைந்தது. 2018 நவம்பரில் அறிக்கை வந்தது. 2019 ஜனவரியில் அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் செய்தது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. பழைய ஓய்வூதியத்தைக் கொண்டுவருவதாக வாக்குறுதி அளித்தது. 2025-இல் ககன்தீப் சிங் பேடி தலைமையில் மீண்டும் ஒரு குழு. அதன் முடிவில் 2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், ஊழியர் பங்கு 10 சதவீதம், மிச்சம் எல்லாம் அரசின் பொறுப்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அகவிலைப்படி, குடும்பத்துக்கு 60 சதவீதம். தொடக்கத்தில் ஓய்வூதிய நிதிக்கு 13,000 கோடியும், அதன் பிறகு ஆண்டுதோறும் சுமார் 11,000 கோடியும் தேவை என்று அரசே சொன்னது. பாதிச் சம்பளம் என்ற உறுதி திரும்பி வந்திருக்கிறது, அதற்கு ஒரு விலையும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்ற அளவில் இது முந்தைய இரண்டு நிலைகளையும் விட நேர்மையான இடம். ஆனால் அறிவிப்பு வேறு, பொன்னை எடுத்து ஊர்ச் சபையிடம் ஒப்படைப்பது வேறு. ஆண்டுக்கு 11,000 கோடியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் அந்த நான்கு ஆண்டுச் சம்பளப் பள்ளம் நிரம்பும். நெருக்கடியான ஒரு ஆண்டில் பாதியைப் போட்டு மீதியை அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளத் தொடங்கினால், அன்றிலிருந்து வண்டல் படியத் தொடங்கும்.

இப்படிச் சொல்வது வெறும் அச்சம் அல்ல என்பதற்கு நம் கண்முன்னே சான்றுகள் உண்டு. வண்ணார்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட திருநெல்வேலிக் கோட்டம் உட்பட, அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளர்களுக்கென்று 1998-இல் ஓய்வூதிய நிதி அறக்கட்டளை தொடங்கப்பட்டது. காகிதத்தில் அதுவும் நிதி வைத்த திட்டம். கழகங்கள் நட்டத்தில் ஓடின. கட்ட வேண்டிய பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை. ஓய்வூதியம் நிற்கவில்லை. ஆனால் அகவிலைப்படி நின்றது. 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, ஓய்வு பெற்றோருக்கு எட்டு ஆண்டுகளாக உயர்த்தப்படாத அகவிலைப்படி. முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவரின் ஓய்வூதியம் எட்டு ஆண்டுகள் அதே எண்ணில் நிற்க, அரிசியும் மருந்தும் மின்கட்டணமும் மேலே ஏறின. இமாசலத்தில் 2024 செப்டம்பரில் சம்பளத்தை 5-ஆம் தேதியும் ஓய்வூதியத்தை 10-ஆம் தேதியும் கொடுக்கும் நிலை வந்தது. பழைய திட்டத்துக்கு அந்த மாநிலம் திரும்பியதன் செலவு இன்னும் முழுதாக வரவில்லை என்பதால், அந்தத் தாமதத்தை அதன் கணக்கில் எழுதக் கூடாது; ஆனால் வரவு இறுகும்போது முதலில் காத்திருக்கச் சொல்லப்படுபவர் யார் என்பதை அது காட்டியது.

இதைவிட ஆழமாகத் தூர்ந்திருப்பது தொழிலாளர் ஓய்வூதியம். முக்கூடல், ஆலங்குளம், பேட்டை, மேலப்பாளையம் என்று தாமிரபரணி வட்டாரம் முழுக்க வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்து இலை வெட்டித் தூள் நிரப்பிப் பீடி சுற்றும் பெண்களுக்கு பி.எஃப். உண்டு; 1995 நவம்பரில் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமும் உண்டு. அதன் சூத்திரம் எளிது: கடைசி ஐந்து ஆண்டுச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும், 20 ஆண்டு முடித்தால் இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேரும். வாரத்தில் சில நாளுக்கு மட்டும் இலையும் தூளும் கிடைத்து, மாதம் சராசரி 3,500 ரூபாய்க்குப் பீடி சுற்றிய ஒரு பெண்ணுக்கு 20 ஆண்டு உழைப்புக்குப் பின் வரும் ஓய்வூதியம் 1,100 ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். அதை 3,000 ஆக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் கோஷியாரி குழு அதற்கு ஓராண்டு முன்பே, 2013-இல், பரிந்துரைத்திருந்தது. இந்தத் திட்டத்தில் அகவிலைப்படி கிடையாது. தொழிலாளர் விலைக் குறியீட்டின்படி பார்த்தால் 2014-இன் 1,000 ரூபாய் இப்போது 600 ரூபாய்க்குத்தான் பெறும். அதை வாங்கவும் ஆண்டுக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். இலையும் நூலும் பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காமல், துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைக்க வேண்டியிருக்கும். உழைத்ததன் அடையாளமே உரிமைக்குத் தடையாக வந்து நிற்கிறது.

எந்த வேலைப் பதிவேட்டிலும் பெயரில்லாத முதியவர்களுக்காக 1962 ஏப்ரலில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, தமிழ்நாடு முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. மாதம் 20 ரூபாய். தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டின் பழைய தொடர்களையும் புதிய தொடர்களையும் இணைத்துப் பெருக்கினால், அன்றைக்கும் இன்றைக்கும் இடையே விலைவாசி ஏறத்தாழ 90 மடங்கு உயர்ந்திருக்கிறது. அந்த 20 ரூபாய்க்கு ஈடு இன்று சுமார் 1,800 ரூபாய். 2023 ஆகஸ்டில் தமிழ்நாடு உதவித்தொகையை 1,000-இலிருந்து 1,200 ஆக உயர்த்தியது. பயன்பெறுவோர் எண்ணிக்கை அன்றைக்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அதை மறக்கக் கூடாது. ஆனாலும் அறுபது ஆண்டு வளர்ச்சிக்குப் பிறகு ஒரு முதியவரின் கையில் வரும் பணம் தொடங்கிய நாளின் மதிப்பைக் கூட எட்டவில்லை. மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். 80 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு அது தரும் 200 ரூபாய், 2007-இல் திட்டத்துக்கு இந்திரா காந்தி பெயர் சூட்டியபோது இருந்த அதே 200. விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டதால், அன்றைய கணக்கில் அதன் மதிப்பு இப்போது 65 ரூபாய்க்கும் கீழ். இந்தத் திட்டம் திவாலானதாக எந்தக் கணக்குத் தணிக்கையும் சொல்லாது. ஆயினும் மூன்றில் இரண்டு பங்கு தூர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் நிதிக் கட்டுப்பாட்டை வலியுறுத்துவோர் ஒரு வாதம் வைப்பார்கள். ஏறத்தாழ 7 லட்சம் ஓய்வூதியர்களுக்கும் குடும்ப ஓய்வூதியர்களுக்கும் 41,000 கோடி கொடுக்கும் மாநிலத்தால் எப்படி மற்ற முதியவர்களைப் பார்க்க முடியும்; ஆகவே அரசு ஊழியரின் பலனைக் குறைத்தால்தான் ஏழைக்குக் கிடைக்கும் என்பது அந்த வாதம். ஏற்றத்தாழ்வு உண்மை. ஆனால் ஒருவரிடம் குறைத்தது மற்றவரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் சோதனை. 2004 முதல் மத்திய அரசு தன் புதிய ஊழியர்களின் உறுதியான ஓய்வூதியத்தை நிறுத்தியது. அந்தச் சீர்திருத்தத்துக்குப் பின், 2007 முதல் பார்த்தாலும் 200 ரூபாய் 200 ஆகவே இருந்தது. மேலே இருந்தவரின் உறுதி போனது; கீழே இருந்தவருக்கு 2007-க்குப் பிறகு உயர்வு வரவில்லை. அதோடு, ஓய்வூதியச் சுமைக்குப் பயந்து நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கும் பழக்கமும் வேரூன்றியது. 2012-இல் தமிழ்நாட்டில் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொகுப்பூதியம், ஒப்பந்தம், வெளிமுகமை என்று பல பெயர்களில் அரசு வேலையைச் செய்வோர் அரசு ஊழியர் ஆகாமலே வயதாகிறார்கள். அவர்களுடைய முதுமையும் ஒரு நாள் அரசின் வாசலுக்குத்தான் வரும், ஓய்வூதியக் கணக்கில் இல்லாவிட்டால் உதவித்தொகை வரிசையில். ஏணியின் மேல் படியை உடைப்பதால் கீழ்ப்படி உயராது என்பதே இருபது ஆண்டு அனுபவம்.

ஊழியர் சங்கங்களின் தரப்பிலும் வலுவான வாதம் உண்டு. மக்கள் பிரதிநிதிகளுக்கு ஓய்வூதியம் இருக்கிறது, பெருநிறுவனங்களுக்குச் சலுகை இருக்கிறது, மாநிலம் வேகமாக வளர்கிறது, ஆகவே பணம் ஒரு காரணமே அல்ல என்பார்கள். வளர்ச்சி உதவும் என்பது மெய். உற்பத்தி பெருகினால், வேலைக்கு வரும் பெண்கள் கூடினால், குறைந்த தலைகள் கூடுதல் முதியோரைத் தாங்க முடியும். ஆனால் பழைய திட்டத்தில் சம்பளம் வளர்ச்சியோடு ஏறுகிறது, ஓய்வூதியம் சம்பளத்தோடு ஏறுகிறது. வளர்ச்சி வரவை மட்டும் உயர்த்தும், செலவை அப்படியே விடும் என்ற கணக்கு அங்கே செல்லாது. வரவும் முழுக்க மாநிலத்தின் கையில் இல்லை. மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 9-ஆவது நிதி ஆணையத்தின் காலத்தில் 7.9 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 15-ஆவது நிதி ஆணையத்தில் 4.079 சதவீதம். பிறப்பைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்கான விலையை இரண்டு பக்கமும் கொடுக்கிறது: பங்கு சுருங்கிவிட்டது, முதியோர் பெருகுகிறார்கள். இந்த அநீதியை எதிர்த்துப் போராட வேண்டும். ஆனால் வெற்றி பெறுவோம் என்ற நம்பிக்கையை முதலாக வைத்து இன்றைக்கே வாக்குக் கொடுப்பது, வராத வெள்ளத்துக்கு வயலை உழுது வைப்பதைப் போன்றது. நகாரா தீர்ப்பு சொன்னபடி ஓய்வூதியம் தள்ளி வைக்கப்பட்ட ஊதியம் என்றால், உழைத்த மாதத்திலேயே அந்த ஊதியத்தை எடுத்து வைக்கும்படி கேட்பதுதான் சங்கங்களின் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் நிதியாகச் சேர்த்துவிட்டால் போதுமா? மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி பல தலைமுறைத் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டி, பெரும்பாலும் அரசின் கடன் பத்திரங்களில் வைத்திருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. அந்த ஆண்டு விலைவாசி ஒரு கட்டத்தில் 70 சதவீத அளவுக்கு ஏறியது. 2023-இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, சேமலாப நிதியின் பத்திரங்கள் நீண்ட காலப் புதிய பத்திரங்களாக மாற்றப்பட்டன. ஒரு ரூபாயும் திருடப்படவில்லை. கணக்கில் எல்லாம் இருந்தது. வாங்கும் சக்தி மட்டும் கரைந்தது. சிலி 1981-இல் ஓய்வூதியத்தைத் தனியார் தனிக் கணக்குகளாக்கியது. குறைந்த கூலிக்காரருக்கு அது சோறு போடாது என்று கண்டு, 2008-இல் வரிப்பணத்திலிருந்து ஓர் அடித்தள ஓய்வூதியத்தைச் சேர்க்க வேண்டி வந்தது. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிதியின் இருப்பு 2033 வாக்கில் தீரும் என்று அதன் அறங்காவலர்கள் 2025-இல் கணித்தார்கள். ஆனால் அதன் பிறகும் வருகிற வரியைக் கொண்டே முக்கால் பங்குக்கு மேல் கொடுக்க முடியும். நிதி வைத்த திட்டமும் தூரலாம், நிதி தீர்ந்த திட்டமும் ஓடலாம். கொற்கைக்கு வரகுணன் கொடுத்த பொன் எவ்வளவு உறுதியோ, அந்த ஊர்ச் சபையும் அதன் வயலும் எவ்வளவு உறுதியோ, அவ்வளவே அந்த நெல்லும் உறுதி. நிதி என்பது வாக்கைக் காப்பதற்கான ஒழுங்கு. ஒழுங்கைக் காப்பது பொதுமக்களின் கண்காணிப்பு.

ஆகவே செய்ய வேண்டியதை இந்த ஆற்றுப் பாசனத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். குளம் தூர்வது இயற்கை. ஆண்டுதோறும் கோடையில் ஊர் கூடி வண்டலை அள்ளிப்போட்ட குடிமராமத்து இருந்தவரை குளம் குளமாக இருந்தது. அந்த வழக்கம் போன பிறகு, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வார 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியதாயிற்று. ஓய்வூதியத்துக்கும் ஆண்டு மராமத்து தேவை. இன்றுவரை கொடுத்த வாக்குறுதிகளின் மொத்த விலை என்ன, அதற்கு எதிரே எடுத்து வைத்தது எவ்வளவு, இந்த ஆண்டு போட வேண்டியதில் போடாமல் விட்டது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் கணிப்பியல் வல்லுநரின் மதிப்பீட்டோடு ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்திலும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அரசு ஊழியர், போக்குவரத்துத் தொழிலாளர், உதவித்தொகை பெறுவோர் மூவரின் கணக்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அரசின் பங்கைச் சம்பளம் போடும் அதே நாளில் நிதியில் சேர்க்கச் சட்டம் வேண்டும். அந்த நிதியை அரசு தன் பற்றாக்குறைக்குக் கைமாற்றாக எடுக்க முடியாதபடி அதற்குத் தனி அறங்காவலர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அகவிலைப்படி என்ற ஏற்பாடு சம்பளக்காரரின் தனிச் சலுகையாக இருக்கக் கூடாது. 1,200 ரூபாய்க்கும் 1,000 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் விலைவாசியோடு சேர்ந்து உயரும் உரிமை வேண்டும். அதற்குப் பணம் எங்கே என்று கேட்பது நியாயமான கேள்வி. உயர்த்தாமல் விடும்போதும் அந்தப் பணத்தை யாரோ ஒருவர் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த ஒருவர் மருந்தைப் பாதியாக வாங்கும் முதியவர் என்பதால் அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நிறைவேற்ற முடிந்த வாக்கை மட்டும் கொடுப்பதும், கொடுத்த வாக்கின் விலையை அன்றைக்கே எழுதி வைப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பாதிச் சம்பளம் என்ற உறுதியும் நிதி ஒழுங்கும் ஒரே கையில் நிற்க முடியும், அதற்கான மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைக்க மனமிருந்தால். அரசு ஊழியரின் உறுதியும் பீடித் தொழிலாளியின் உறுதியும் ஒரே நியாயத்தில் நிற்க முடியும், இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கத் துணிந்தால். இந்த ஆண்டு ஓய்வூதியம் நேரத்துக்கு வந்துவிட்டது என்பதால் துறைமுகம் ஆழமாக இருக்கிறது என்று பொருளில்லை. கொற்கையிலும் கடைசிக் கப்பல் வந்து போகும்வரை தண்ணீர் இருந்தது.